தவத்தை ஓட்டிப் பார்க்கிறவனே!

டேய் பேராண்டி, இங்க வா. செல்லைக் கீழ வெச்சிட்டு வான்னு சொன்னா கேக்க மாட்ட, கையிலயே வெச்சுக்கினு வா. திட்டப் போறதில்ல. ஒரு சந்தேகம் கேக்கணும், அவ்ளோதான்.

நேத்து ராத்திரி திண்ணையில படுத்துக்கினு பாத்தியே, வெள்ளைத் துணி கட்டின பையன் ஒருத்தன் மலை உச்சியில கண்ணை மூடி உக்காந்திருந்தான். எத்தனை வருஷமா உக்காந்திருக்கான்னு கேட்டேன். "300 வருஷம் தாத்தா"ன்ன. நானும் மரியாதைக்கு எழுந்து உக்காந்து பாத்தேன். அப்பால பாத்தா மழை வந்து சட்டுனு நிக்குது, பனி கொட்டி உடனே கரையுது, அவன் தலைக்கு மேல சூரியன் தறிகெட்டு ஓடுது. இன்னாடா இதுன்னா, "ரெண்டு மடங்கு வேகத்துல ஓட்டறேன், தவம் போர் அடிக்குது"ன்ற.

அந்தப் புள்ள 300 வருஷம் பொறுத்தான். நீ மூணு நிமிஷம் பொறுக்கல. வெதைச்ச நெல்லை தெனமும் காலையில தோண்டிப் பாத்து "இன்னும் முளைக்கல"ன்னு கழனியைத் திட்டறவன் எப்படியோ, அப்படி இருக்குதுடா உன் கதை. அதுல வேற, சண்டை முடிஞ்சதும், "இவன் எப்படி இவ்ளோ சீக்கிரம் பெரிய ஆளாயிட்டான், லாஜிக்கே இல்ல"ன்னு உன் சிநேகிதனுக்கு வாய்ஸ் மெசேஜ் போடற. சீக்கிரமாக்கினது யாரு? அவனா, உன் கட்டைவிரலா?

இந்த சீனாத் தொடருங்க மேல எனக்குக் கோவம் கெடையாது. சொல்லப்போனா மரியாதைதான். 2020 நவம்பர்ல நம்ம கவருமெண்டு 43 செயலிக்குத் தடை போட்டுது, அதுல சீனத் தொடர் காட்டற வீடிவியும் அடக்கம். கதவைச் சாத்தினாங்க. அதுங்க கூரை மேல பறந்து வந்துடுச்சு. பாதி இங்கிலீஷ் எழுத்துல, பாதி யூடியூப்ல தமிழ்ல கதை சொல்ற தம்பிங்க புண்ணியத்துல. அந்தத் தம்பிங்க எந்த சீனாக்காரனையும் பேர் சொல்லிக் கூப்பிடறதில்ல. எல்லாரும் "நம்ம ஹீரோ"தான். "நம்ம ஹீரோ இன்னா பண்றாருன்னா"ன்னு ஆரம்பிச்சா, வில்லியனூர் கொம்யூனுக்கும் பாகூர் கொம்யூனுக்கும் பொதுவா ஒரு தங்கச்சி மவன் சீனாவுல இருக்கற மாதிரிதான் படுது.

அதுல படிங்க இருக்குன்னு உன் தங்கச்சி எனக்குப் பாடம் எடுத்தா. மொதல்ல மூச்சை வசப்படுத்தணும். அப்பால அஸ்திவாரம் போடணும். அதுக்கு மேல வயித்துக்குள்ள பொன் உருண்டை திரளும், அதுக்கும் மேல உள்ளயே ஒரு கொழந்தை உருவாவும். சில படிக்கு வானத்துலருந்து இடி எறங்குமாம், தாங்கினவன் அடுத்த வகுப்பு, தாங்காதவன் சாம்பல். நல்ல பரீட்சைதான், மறுகூட்டலுக்கு எழுதிப் போட முடியாது. நம்ம சித்தருங்களும் மூலாதாரத்துலருந்து ஒவ்வொரு படியாத்தான் ஏத்தினாங்க. எட்டு சித்தியில லகிமா கைவந்தா ஒடம்பு எடை போயிடும்னு சொல்லுவாங்க. அவன் கூரைக்குக் கூரை தாவறதைப் பாத்து நீ வாயைப் பொளந்த. உன் கொள்ளுத்தாத்தா பாத்திருந்தா, "லகிமா வந்தவனுக்கு இடுப்புல எதுக்குடா கயிறு"ன்னு கேட்டிருப்பாரு.

உன் ஆயாவைக் கவனிச்சியா? நீங்கள்லாம் அவளைப் பாத்து சிரிச்சீங்க. என்னைக் கேட்டா இந்தத் தெருவுலயே ஒழுங்கா தொடர் பாக்கறது அவ ஒருத்திதான். வெத்தலையை மென்னுக்கினே அவ கேட்டா: "300 வருஷம் உக்காந்திருக்கானே, இவன் கழனியை யாரு பாத்துக்கறா?" கொஞ்ச நேரம் கழிச்சு, "இத்தனை வெள்ளைத் துணியை யாரு தொவைக்கறா?" அப்பால, "மடத்துல நூறு புள்ளைங்க இருக்குதே, அடுப்படியையே காட்ட மாட்டேன்றானே?"

சிரிக்காத. பாகூர்ல இதுக்குச் செப்புப் பட்டயமே இருக்கு. 9ஆம் நூத்தாண்டுல பல்லவ ராஜா நிருபதுங்கவர்மன் காலத்துல பாகூர்ல ஒரு வித்யாஸ்தானம் நடந்துது. இன்னிக்கு பாஷையில சொன்னா காலேஜு. அது நடக்கறதுக்குன்னு மூணு ஊரு வருமானத்தை எழுதிக் குடுத்திருக்கான். வித்தை கத்துக்கறவனுக்குச் சோறு எங்கருந்து வருதுன்னு அந்தக் காலத்து ஆளுங்க மொதல்ல யோசிச்சாங்க, அப்பாலதான் பாடம். நீ பாக்கற தொடர்ல அரிசி எங்கருந்து வருதுன்னு ஒரு பாகத்துலயாவது காட்டினானா? ஜொலிக்கற கல்லு ஒண்ணை எடுத்துக் குடுக்கறான், எல்லாம் வந்துடுது. நம்ம ரேஷன் கடையில நீட்டிப் பாரு அந்தக் கல்லை.

உன் தங்கச்சி அழுதுக்கினே பாத்தாளே ஒண்ணு, தி அன்டேம்டு. 2019 ஜூன்ல டென்சென்ட் காரன் வெளியிட்டது, மொத்தம் 50 பாகம். அதை நானும் கொஞ்சம் பாத்தேன். அதுல ஒரு மடம். பாறையில மூவாயிரத்துச் சொச்சம் விதி செதுக்கி வெச்சிருக்கான். சத்தம் போடக் கூடாது, ஓடக் கூடாது, சாராயம் கூடவே கூடாது. நம்ம ஹீரோ, வேய் ஊசியனாமே, போன மொத ராத்திரியே ரெண்டு ஜாடி சாராயத்தைத் தூக்கிக்கினு சுவர் ஏறிக் குதிக்கறான். காவலுக்கு நிக்கறவன் கையில மாட்டிக்கறான். அங்க ஆரம்பிக்குது சிநேகிதம்.

அந்த இடத்துல நீ கை தட்டின. எனக்குத்தான் ஒட்டல. பொறந்ததுலருந்து புதுச்சேரி பார்டர்ல இருக்கறவன் நான். சாராயத்தை உள்ள கொண்டாறதுக்கு சுவர் ஏறினவனை என் ஆயுசுல பாத்ததில்ல. முள்ளோடை செக்போஸ்ட்டைத் தாண்டி வெளிய கொண்டு போறதுக்கு என்னென்னவோ வித்தை காட்டினவங்களைத்தான் பாத்திருக்கேன். டிராக்டர் டியூபு, பால் கேனு, புள்ளைத்தாச்சி வயிறு. சீனாக்காரன் இங்க வந்து ஷூட்டிங் எடுத்தா ரெண்டு பாகம் மிச்சமாகும்.

ஆனா ஒண்ணு எனக்குப் புடிச்சுது. அந்த ஹீரோ செத்துப் போறான். 16 வருஷம் கழிச்சுத் திரும்பி வர்றான். அந்த 16 வருஷமும் சிநேகிதன் லான் வாங்ஜி காத்திருக்கான். அலட்டிக்கல, புலம்பல. நீ 16 செகண்டு விளம்பரம் வந்ததுக்கு "கருமம், கருமம்"னு செல்லைத் தட்டின. அந்த விளம்பரம் ஓடி முடியறதுக்குள்ள, 16 வருஷம் காத்தவனோட கஷ்டம் உனக்கு லேசா புரிஞ்சிருக்கும். நல்ல வாய்ப்பு, தவற விட்டுட்ட.

இந்த அவசரம் உனக்கு மட்டும்னு நெனைக்காத. அதே தொடர் முடியற சமயம், 2019 ஆகஸ்ட்ல, "கடைசி பாகங்களை இப்பவே பாக்கணுமா, சந்தாவுக்கு மேல 30 யுவான் கட்டு"ன்னு கம்பெனிக்காரன் கடை விரிச்சான். அப்போ நம்ம காசுக்கு 300 ரூபா. கூட்டம் கூட்டமா கட்டினாங்க. சில நாள் பொறுத்தா சந்தாவுலயே வந்துடும். காத்திருக்கறவன் கதையை, காத்திருக்க முடியாதவனுங்க காசு குடுத்துப் பாத்தாங்க. அந்தக் கம்பெனி மொதலாளிதான் நெசமான சித்தன். மனுஷன் பொறுமையில எங்க ஓட்டை இருக்குதுன்னு கண்டுபுடிச்சு அங்கயே கல்லாப்பெட்டியை வெச்சான்.

அதே வருஷம் டிசம்பர்ல வேற ஒரு தொடருக்கு ஐச்சியி கம்பெனியும் இப்படியே 50 யுவான் கேட்டுது. ஏற்கனவே சந்தா கட்டின ஒரு வக்கீலு விடல. "முன்கூட்டியே பாக்கலாம்னு சொல்லித்தானே பணம் வாங்கின, நடுவுல எப்படி இன்னொரு வசூலு"ன்னு கேஸ் போட்டாரு. 2020 ஜூன்ல பெய்ஜிங்ல இன்டர்நெட் கோர்ட்டு அவரு பக்கம் தீர்ப்பு சொல்லிச்சு. அப்பவும் கம்பெனிங்க விடல, 2021 அக்டோபர்லதான் மூணு பெரிய கம்பெனியும் அந்த வசூலை நிறுத்தினாங்க. பாத்தியா, கொறை சொல்றதுன்னா அப்படிச் சொல்லணும். நீ போடற மூக்கால அழுவற பொம்மைக்கு எந்தக் கம்பெனி பயப்படும்?

இழுக்கறாங்கன்னு நீ சொல்றதையும் நான் இல்லேன்னு சொல்லல. சீனாவுலயே ஜனங்க கதையில தண்ணி ஊத்தறான்னுதான் திட்டறாங்க. நம்ம பால்காரனைத் திட்டற அதே திட்டு. திட்டு தாங்காம 2020 பிப்ரவரியில அந்த ஊரு கவருமெண்டே ஒரு உத்தரவு போட்டுது, தொடருன்னா 40 பாகத்துக்கு மேல போகக் கூடாது, 30க்குள்ள முடிச்சா நல்லதுன்னு. நம்ம சாயங்கால சீரியல்காரங்க காதுல இது விழாம பாத்துக்கோ, மாரடைப்பு வந்துடும்.

சரி, உக்காரு. இப்போ நெசமான தவம் எப்படிப் பாக்கறதுன்னு சொல்றேன்.

நம்ம பக்கத்துல திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவுக்கு பாரதக் கூத்து வெப்பாங்க. அதுல ஒரு ராத்திரி அர்ச்சுனன் தபசு. நீ பாக்கற சீனாக் கதைக்கு ஒரு எழுத்து கொறையாத கதை. பெரிய சண்டைக்கு ஆயுதம் வேணும். பாசுபதம் சிவன் கிட்ட இருக்கு. தவம் பண்ணாத்தான் குடுப்பாரு. அர்ச்சுனன் கெளம்பறான். வாத்தியாரு, ஆயுதம், மலை, சோதனை, எல்லாம் இருக்கு.

பகல்லயே கோயிலுக்கு எதிர்ல தபசு மரம் நட்டிருப்பாங்க. நெட்டுக்கு நிக்கற பனைமரம். ஏறறதுக்குக் குறுக்கால படி கட்டி, உச்சியில ஒரு ஆளு உக்கார்ற அளவுக்குப் பரண். மஞ்சத் துணி, மாவெலை, வாழைக் கன்னு. நடு ராத்திரி தாண்டினப்பறம் அர்ச்சுனன் வேஷக்காரன் வருவான். கிரீடம், புஜக்கட்டை எல்லாத்தையும் கழட்டி வெச்சிட்டு, காவி கட்டி, விபூதி பூசிக்கினு, மரத்தைச் சுத்தி வந்து கும்பிட்டு மொத படியில கால் வெப்பான். ஒரு படிக்கு ஒரு பாட்டு. பாட்டு முடிஞ்சாத்தான் அடுத்த படி. கீழ மத்தளம் அடிக்கறவன் அவன் காலையே பாத்துக்கினு இருப்பான். முகவீணைக்காரன் கன்னம் உப்பிக்கினு ஊதுவான். பின்பாட்டுக்காரங்க அவன் விட்ட வரியை எடுத்து நீட்டிக்கினே போவாங்க, அவன் மூச்சு வாங்கிக்கறதுக்கு.

மரத்தைச் சுத்திக் கீழ, கொழந்தை இல்லாத பொண்ணுங்க ஈரப் பொடவையோட மண்ணுல படுத்திருப்பாங்க. உச்சிக்குப் போய் அவன் எலுமிச்சம்பழம், வில்வம், விபூதி எல்லாம் வீசுவான். யாரு மடியில விழுதோ அந்த மடி நெறையும்னு நம்பிக்கை. அந்த நேரத்துல பாட்டு எவ்ளோ நீண்டாலும் ஒருத்தி சலிச்சுக்க மாட்டா. அந்தப் படிங்கள்ல ஏறறது அர்ச்சுனன் மட்டும்னு அவங்க நெனைக்கலடா.

ஏறி முடிக்கறதுக்கு ஒரு மணி நேரம் ஆவும், அதுக்கு மேலயும் ஆவும். அப்பால பன்னி வரும், வேடனா வேஷம் போட்டுக்கினு சிவன் வருவாரு, யாரு அம்பு மொதல்ல பட்டுதுன்னு தகராறு வரும், சண்டை நடக்கும். சண்டை கிடுகிடுன்னு முடிஞ்சிடும். உன் தொடர்ல தவம் ஒரு பாட்டுக்குள்ள முடிஞ்சு, சண்டை மூணு பாகம் ஓடுது. கூத்துல அப்படியே தலைகீழு. ஏறறதுதான் கதை, அம்பு விடறது மிச்சம் மீதி.

எல்லாரும் முழிச்சுக்கினு பாத்தோமான்னு கேக்கறியா? யாரு சொன்னது? பாதி சனம் தூங்கும். பாய் போட்டு, போர்வை இழுத்து, கொறட்டையே வுடும். கூத்துல தூங்கறது கூத்து பாக்கறதுல சேர்த்தி. ஒண்ணு மட்டும் வழக்கம்: பக்கத்துல இருக்கறவ தொடையில தட்டி, "ஏய், உச்சிக்கிப் போயிட்டான், எழுந்திரு"ன்னு எழுப்பணும். அதனால என் புத்திமதியைக் கேட்டுக்கோ. தவம் போர் அடிச்சா தூங்கு. தாராளமா தூங்கு. ஓட்டாத. தூங்கறவன் அவனோட சேந்து ராத்திரியைக் கழிக்கறான். அவனுக்கும் விடியுது, இவனுக்கும் விடியுது. ஓட்டறவனுக்கு விடியறதே இல்ல, அடுத்த பாகம்தான் வருது.

திட்டக் கூடாதுன்னும் நான் சொல்லல. நாங்க திட்டாத திட்டா? மரத்துல பாதி ஏறினவனைப் பாத்து, "போன வருஷம் ஏறினவன் கொரலு இதைவிட நல்லா இருந்துது"ன்னு கெழவிங்க காது கேக்கவே பேசுவாங்க. அவன் மேலருந்து மொறைச்சுட்டு அடுத்த பாட்டை உச்சத்துல எடுப்பான். அதான் கெழவிக்கு வேணும். கூத்துல கொறை சொல்றதுக்குன்னே சம்பளம் குடுத்து ஒரு ஆளை வெச்சிருப்பாங்க, கட்டியக்காரன். ராஜா "மாதம் மும்மாரி பெய்கிறதா"ன்னு கேட்டா, "ராஜா, ஏரியில ஆடு மேயுது"ன்னுவான். துச்சாதனன் உறுமினா, "சாமி, கிரீடம் அவுந்துடப் போவுது"ன்னுவான். சனங்க மனசுல நெனைக்கறதை மேடையிலயே சொல்லிடுவான்.

2006ல ஜப்பான்காரன் இதையே மிஷின்ல செஞ்சான். படம் ஓடும்போதே, பாக்கறவங்க எழுதறது படத்து மேலயே குறுக்கால பறக்கும். சீனாவுல அது இல்லாம தொடர் பாக்க மாட்டேன்றாங்களாம். கதாநாயகி மொகத்தை மறைச்சுக்கினு "அவனை நம்பாதே"ன்னு எழுத்து ஓடுமாம். அவளுக்குத்தான் படிக்கத் தெரியல, நம்பிடறா. பல்லாயிரம் கட்டியக்காரங்க, ஒருத்தனுக்கும் சம்பளம் கெடையாது.

கிராபிக்ஸ் மோசம்னா அங்க அம்பது காசு கிராபிக்ஸ்னு கேலி பண்ணுவாங்களாம். நீயும் அந்தப் பறக்கற டிராகனைப் பாத்து, "வூட்டுப் பல்லி மாதிரி இருக்கு"ன்ன. கேலி பண்ணு, தப்பில்ல. ஆனா 1978ல விட்டலாச்சார்யா எடுத்த ஜெகன்மோகினியை உன் ஆயாவோட டெண்டு கொட்டாயில பாத்தப்போ, மோகினிப் பிசாசு வெறகு இல்லேன்னு தன் காலையே அடுப்புல வெச்சு எரிப்பா. ரப்பர் காலுன்னு கண்ணு தெரியாதவனுக்கும் தெரியும். கொட்டாயே சிரிச்சுது. அன்னிக்கு ராத்திரி அடுப்பு மூட்ட எவளும் தனியா போவல. சிரிப்பும் பயமும் ஒரே டிக்கெட்டுல கெடைச்ச காலம் அது. நீ அம்பது காசுன்னு சொல்லி சிரிக்கற, பயப்படறதுக்குள்ள ஓட்டிடற. பாதி டிக்கெட்டு வீணு.

இன்னொரு வகைத் திட்டு இருக்கு, அதுல மட்டும் சேராத. அன்டேம்டுல நடிச்ச சியாவ் ஷானை வெச்சு யாரோ ஒருத்தர் தன் இஷ்டத்துக்கு ஒரு கதை எழுதி இணையத்துல போட்டாங்க. அவனோட ரசிகருங்க சில பேரு கோவம் வந்து அதிகாரிங்களுக்குப் புகார் எழுதினாங்க. ஊரெல்லாம் கதை எழுதிப் போடற அந்த முழு வலைத்தளத்துக்கே 2020 பிப்ரவரி 29ஆம் தேதி சீனாவுல கதவு சாத்திட்டாங்க. அதுல எழுதிக்கினு இருந்தவங்க சும்மா இருப்பாங்களா? அவன் விளம்பரம் பண்ற சாமானை வாங்க மாட்டோம்னு கெளம்பினாங்க. நடுவுல அந்தப் பையன் தரப்பு மன்னிப்புக் கேட்டுது. அவன் இன்னாடா பண்ணான் பாவம்? கூத்துல அர்ச்சுனன் கட்சி, கர்ணன் கட்சின்னு நாங்களும் அடிச்சுக்கினோம். கர்ணன் செத்த ராத்திரி சாப்பிடாம படுத்தவங்க எங்க தெருவுல உண்டு. ஆனா கர்ணன் வேஷக்காரனுக்காக அடுத்த தெரு கோயிலை எவனும் இழுத்துச் சாத்தல. காலையில அந்த வேஷக்காரனே டீக்கடையில மொகத்துல அரிதாரம் பாதி ஒட்டிக்கினு பன்னு தின்னுக்கினு இருப்பான். அவனைப் பாத்ததும் கட்சியெல்லாம் கலைஞ்சிடும்.

நம்பறதுலயும் ஒரு அளவு வேணும். உங்கப்பன் சின்னப் புள்ளையா இருக்கும்போது, 1997ல தூர்தர்ஷன்ல சக்திமான் வந்துது. அவனும் தவம் பண்ணி குண்டலினியை எழுப்பித்தான் சக்தி வாங்கினான், நீ பாக்கற சரக்குதான் அதுவும். அவன் வந்து காப்பாத்துவான்னு நம்பி நாட்டுல எங்கெங்கயோ புள்ளைங்க ஆபத்தான காரியம் பண்ணிச்சுங்கன்னு பேப்பர்ல வந்துது. அப்பால அந்த முகேஷ் கன்னாவே தொடர்ல வந்து, "இதெல்லாம் செய்யாதீங்க கண்ணுங்களா"ன்னு சொல்ல வேண்டியதாப் போச்சு. உங்கப்பன் அப்படியெல்லாம் இல்ல. வேட்டியைக் கழுத்துல கட்டிக்கினு வைக்கோல் போர் மேலருந்து சுத்திக்கினே குதிச்சான், அவ்ளோதான். வைக்கோல் போருதான் காப்பாத்திச்சு.

2011 தீபாவளிக்கு 7ஆம் அறிவு வந்துதே, அதுக்கப்பறம் உன் சித்தப்பன் கதை தெரியுமா? போதிதர்மர் நம்ம காஞ்சிபுரத்து ஆளு, குங்ஃபூ நம்மது, நோக்கு வர்மம் நம்மதுன்னு மார் தட்டினான். ஒரு வாரம் கறவை மாட்டை மொறைச்சுப் பாத்துக்கினே நின்னான், கண்ணாலயே படுக்க வெக்கறேன்னு. மாடு அவனை மொறைச்சுது. யாரு வர்மம் பலிச்சுதுன்னு தெரியல, அவன்தான் ரெண்டு நாள் ஜுரத்துல படுத்தான்.

இப்போ நீயும், எந்த சீனாத் தொடருக்குக் கீழ பாத்தாலும், "இதெல்லாம் நம்ம சித்தருங்க கிட்டருந்து போனது"ன்னு எழுதற. போகர் சீனா போனாருன்னு நம்ம பக்கம் சொல்ற கதைதான், நான் மறுக்கல. ஆனா சீனாக்காரனுக்கு அதைச் சொல்றியே, வில்லியனூர்லயே ராம் பரதேசி சாமி சமாதி இருக்குதே, ஒரு நாள் எட்டிப் பாத்திருக்கியா? அந்த வழியாத்தான் பெட்ரோல் போடப் போற. பெருமைக்கு சீனா வரைக்கும் போவற, வண்டியை ஒரு ஓரமா நிறுத்த நேரமில்ல.

கதவைச் சாத்திக்கினு வருஷக் கணக்குல தவம் பண்றான், நம்பற மாதிரி இல்லன்னு சொன்னல்ல? அதுக்கு மலை எதுக்கு? நம்ம டவுன்லயே நடந்துது. அரவிந்தர் 1910ல புதுச்சேரிக்கு வந்தாரு. 1926 நவம்பர் 24க்கு அப்பறம் வெளிய வர்றதை நிறுத்திட்டாரு. 1950 டிசம்பர் 5ஆம் தேதி போற வரைக்கும் அந்த அறைங்கதான். 24 வருஷம். வருஷத்துல சில நாள் தரிசனம், ஜனங்க வரிசையா போய்ப் பாத்துட்டு நகருவாங்க, பேச்சு கெடையாது. உள்ள கண்ணை மூடிக்கினு சும்மா உக்காந்திருந்தாருன்னு நெனைக்காத. 1930களில சீடருங்க எழுதற கடுதாசி மலையா குவியும். ராத்திரி பூரா உக்காந்து ஒவ்வொண்ணுக்கும் பதில் எழுதுவாராம். தலை வலிக்குதுன்னு எழுதினவனுக்கும் பதில் போயிருக்கு. அது போக சாவித்திரின்னு ஒரு காவியம், கிட்டத்தட்ட 24,000 வரி, திருத்தித் திருத்தி எழுதிக்கினே இருந்தாரு. இதைத் தொடரா எடுத்தா ஒருத்தன் மேஜை முன்னால உக்காந்து எழுதிக்கினே இருப்பான், பாகம் பாகமா. எத்தனை மடங்கு வேகத்துல பாப்ப நீ?

அதனாலதான் சொல்றேன், உன் தொடரை நிறுத்தாத. பாரு. ஆயா பக்கத்துல உக்காந்து பாரு, அவ கேக்கற கேள்விக்கு பதில் தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லு. திட்டணும்னா காசு கேட்டவனைத் திட்டு, நடிக்கறவனைத் திட்டாத. கடைசி பாகத்துக்கு முன்னாடி எவனாவது முடிவைச் சொன்னான்னா, அவனோட ஒரு வாரம் பேச்சை நிறுத்து, அதுல எனக்கு ஆட்சேபனை இல்ல. வில்லனுக்கும் கொஞ்சம் அழு. அவனும் 300 வருஷம் உக்காந்தவன்தானே, தப்பான புஸ்தகத்தை எடுத்துக்கினு.

அப்பறம் இன்னொண்ணு. நேத்து சாயங்காலம் கோயில் பக்கம் போயிருந்தேன். திருவிழாவுக்கு நாள் குறிச்சிட்டாங்க. கூத்து வாத்தியாரு ஒரே புலம்பல், திரை புடிக்க ஆளு கெடைக்கலயாம். வேஷக்காரன் வர்றதுக்கு முன்னாடி ரெண்டு பேரு ரெண்டு முனையைப் புடிச்சு நிப்பாங்களே, அது. திரைக்குப் பின்னால அவன் ஆடுவான், பாடுவான், கிரீடம் மட்டும் மேல தெரியும், மூஞ்சியைக் காட்டாமலே அரை மணி நேரம் இழுப்பான். புடிச்சவன் கை எறங்கக் கூடாது. ஒரு முனைக்கு தச்சர் மவன் இருக்கான். இன்னொரு முனைக்கு உன் பேரை எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்.

மொறைக்காத. அர்ச்சுனன் தபசு அன்னிக்கு மட்டும்தான். ஒன்பது மணிக்கெல்லாம் போயிடு, சோறு அங்கயே போட்டுடுவாங்க. செல்லை ஆயா கிட்ட குடுத்துட்டுப் போ, அவளுக்கு 31ஆம் பாகம் பாக்கி இருக்காம்.